நாலாவது தோள்

தங்க வயலைப் பற்றிக் கதை எழுத வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மளிகைச் சீட்டோடுதான் வருகிறார்கள். ஓர் ஆங்கிலோ இந்தியர் வேண்டும். அவர் குடிக்க வேண்டும், ஆட வேண்டும், இடையிடையே தப்புத் தமிழ் பேச வேண்டும். ஒரு சேட்டு, ஒரு பாய், ஒரு தெலுங்குக்கார அம்மா, ஒரு கன்னடப் போலீஸ்காரர். கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் கேக் தின்ன வேண்டும், பொங்கலுக்கு எல்லாரும் கரும்பு கடிக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் யாராவது செத்துப்போக, ஊரே சாதி மதம் பார்க்காமல் திரண்டு அழ வேண்டும். கேக் தின்றது மெய்தான், கரும்பு கடித்ததும் மெய்தான், யார் இல்லை என்றது? கேக் தின்ன வந்தவர்கள் எல்லாம் சாவு வீட்டுக்கும் வந்தார்களா என்று நந்திதுர்க் பக்கம் போய் புஷ்பவல்லியைக் கேட்டுப் பாருங்கள்.

கேட்டாலும் சட்டென்று சொல்லிவிட மாட்டாள். ஐம்பத்தெட்டு வயதுக்காரி. விடியுமுன் ரயிலேறி பெங்களூரு போய், ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் தைத்து முடிந்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டிவிட்டு, இருட்டும் நேரத்துக்கு வீடு திரும்புகிறவள். பேச ஏது நேரம்? தங்கச் சுரங்கத்தை மூடியதிலிருந்து பாதி ஊருக்கு இந்த ரயில்தான் பிழைப்பு. அவள் ஏறுகிற பெட்டியில் ஒரே வாக்கியத்துக்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வந்து போகும். ஆயுத பூஜைக்குப் பெட்டி வாசலில் வாழைக்கன்று கட்டிப் பூசணிக்காய் உடைப்பார்கள். மறுநாளே உட்கார இடம் பிடிக்கிற சண்டையில் அம்மா அக்காளை இழுத்துத் திட்டிக்கொள்வார்கள். அதைப் பார்த்து ஒற்றுமை என்றும் எழுதலாம், அடிதடி என்றும் எழுதலாம். எழுதுகிறவனுக்கு உட்கார இடம் கிடைத்ததா இல்லையா என்பதைப் பொறுத்தது அது.

அவள் புருஷன் முனியப்பன் சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடுகிற வேலை பார்த்தவன். துளை போட்ட தூசியெல்லாம் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஆனபோது அவர்கள் குடியிருந்த லைனில் ஆண்கள் கூடி ஒரு முடிவு செய்தார்கள். குடியிருக்கிற வீட்டை அவரவர் பேரில் எழுதிக் கொடுத்தால்தான் வேலையிலிருந்து விலகுகிற காகிதத்தில் கையெழுத்து. அதுவரை எவனும் பேனாவைத் தொடக் கூடாது. லைன் என்றால் முதுகோடு முதுகு ஒட்டிய தகரக் கூரை வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் வரிசையே தும்மும். அங்கே கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடுதான்.

முனியப்பன் என்ன செய்வான்? படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தாலும் முட்டியது. கையெழுத்துப் போட்டால் கம்பெனி பணம் கொடுக்கும், வைத்தியத்துக்கு வழி வேண்டுமே என்று போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டான். லைனிலேயே முதல் கையெழுத்து. அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குத் தண்ணி, நெருப்பு கிடையாது என்று ஆகிவிட்டது. குழாயடியில் புஷ்பவல்லி குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டார்கள். கைப்பிள்ளை பவனைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டிருந்த பெண்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வயிற்றெரிச்சல் என்னவென்றால், கொஞ்ச மாதம் போனதும் அத்தனை பேரும் வரிசையில் நின்று அதே காகிதத்தில் அதே கையெழுத்தைப் போட்டார்கள். அதற்குள் முனியப்பன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

தங்க வயலில் அவர்கள் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். ஒரே கேஜில் இறங்குகிறவர்களில் ஒருவன் செத்தால், மற்ற கேஜ்காரர்கள்தான் பாடைக்கு முதல் தோள் கொடுக்க வேண்டும். கூடப்பிறந்தவனே இருந்தாலும் அப்புறம்தான். முனியப்பன் செத்த அன்று அவனுடைய கேஜ்காரர்கள் அத்தனை பேரும் லைனில்தான் இருந்தார்கள். அவரவர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அசையவில்லை. பூதிகோட்டையிலிருந்து புஷ்பவல்லியின் தம்பி தசரதன் வந்தான், கூட இரண்டு பேரை அழைத்து வந்தான். மூன்று தோள் ஆயிற்று. பாடைக்கு நாலு வேண்டும்.

எதிர்வீட்டில் ராஜேந்திரன் இருந்தான். கல்யாணமாகாத வாலிபன், முனியப்பனைச் சொந்த அண்ணன் மாதிரி சுற்றி வந்தவன், புஷ்பவல்லி கையால் தின்ற சோற்றுக்குக் கணக்கில்லை. அவள் வாசலுக்கு வந்து கூப்பிட்டாள்.

"ராஜேந்திரா, ஒரு கை கொறையுதுப்பா. வா."

அவன் அவளைப் பார்த்தான். லைனின் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அந்த நேரத்தில்தான் லாய்ட் வந்தார். அந்தக் கேஜை மேலும் கீழும் ஓட்டுகிற இன்ஜினுக்கு டிரைவர். ஆங்கிலோ இந்தியர், அதிகாரிகளின் பங்களாக்கள் இருந்த பக்கத்தில் குடியிருந்தவர். மாதா கோயிலுக்குப் போடுகிற கோட்டும் தொப்பியுமாக வியர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார். நின்றுகொண்டிருந்த மூன்று பேரையும் பார்த்தார், வாசல்களில் நின்றவர்களையும் பார்த்தார், சாத்தியிருந்த எதிர்வீட்டுக் கதவையும் பார்த்தார். ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிப் புஷ்பவல்லி கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தார்.

"இவன தெனம் எறக்கி ஏத்தினது நானு. இன்னிக்கும் நானே எறக்கறேன். தூக்குங்கப்பா," என்றார்.

அவர் நல்ல உயரம், மற்ற மூவரும் குட்டை. பாடை சாய்ந்துவிடக் கூடாதென்று சுடுகாடு வரைக்கும் முழங்காலை மடக்கி மடக்கியே நடந்தார். அன்றிலிருந்து லைன்காரர்கள் அவருக்கும் கொஞ்ச காலம் வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். மனுஷன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. லாய்டின் மனைவி காலமானார், மகள் ஆஸ்திரேலியாவில் குடியேறி அப்பாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனாள். "அங்க யார்கிட்டம்மா நான் தமிழ் பேசறது?" என்பார் அவர். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் புஷ்பவல்லி வீட்டிலிருந்து அவருக்குப் போகும். அவள் மகன் பவனுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தது, வேலைக்கு முதல் பேன்ட் எடுத்துக் கொடுத்தது எல்லாம் அவர்தான். அவரிடம் அவள் அந்த நாளைப் பற்றிப் பேசியதில்லை, நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பாரம் மட்டும் அவள் நெஞ்சில் அப்படியே இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ராஜேந்திரன் திரும்பி வந்தான். பெங்களூருவில் நல்ல உத்தியோகம் பார்த்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பத்திரிகைகளில் கதை எழுதிப் பேர் வாங்கியிருந்தான். தங்க வயலைப் பற்றி ஒரு பெரிய நாவல் எழுதப் போகிறானாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, போனை நடுவில் வைத்துவிட்டு, "சொல்லுங்க அண்ணி, நீங்க சொல்லச் சொல்ல எனக்கு அப்பிடியே கண்ணு முன்னாடி வருது," என்பான். அவளும் சொன்னாள். ஷிப்ட் சங்கு, குழாயடிச் சண்டை, டான்ஸ் ஹாலுக்கு வெளியே நின்று பாட்டுக் கேட்டது, பிரசவத்துக்குத் தெலுங்குக்கார அம்மா வந்து நின்றது எல்லாம் சொன்னாள். கதவைச் சாத்தியதை அவனும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. பயந்த பையன், பாவம், போகட்டும் என்று அவள் என்றைக்கோ விட்டிருந்தாள்.

கடைசியாக அவன் வந்த அன்று அவளே ஆரம்பித்தாள்.

"ராஜேந்திரா, நீ இன்னா வேணா எழுதிக்கோ. கூட்டிக்கோ, கொறச்சிக்கோ. ஒண்ண மட்டும் மாத்திடாத. அவர தூக்க லாய்ட் சாரு வந்தாரு. அத எழுது."

"எழுதாம இருப்பனா அண்ணி?"

"நீ கதவ மூடுனத எழுத வாணாம். அத நானும் மறந்துட்டேன், நீயும் மறந்துடு. அவரு வந்தத எழுது. என்னால வாய் தொறந்து அவருக்குச் சொல்ல முடியல. உன் புக்காவது சொல்லட்டும்."

ராஜேந்திரன் கண் கலங்கிவிட்டான். குனிந்து அவள் காலைத் தொட்டான். "சத்தியமா எழுதறேன் அண்ணி," என்றான். அதை அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், காலைத் தொட்டுச் சொன்னவனை?

வெளியீட்டு விழாவுக்கு முன்பே அவளுக்கு ஒரு புத்தகம் வந்தது. 'தங்கத் தோள்கள்' என்று பெயர். நல்ல கனம், அட்டையில் பாடை சுமக்கிற தோள்களின் படம். அவள் வீட்டில் அதைப் படிக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. பவன் பள்ளிக்கூடத்தில் கன்னடமும் இங்கிலீஷும் படித்தவன். தமிழ் பேசுவான், எழுத்து தெரியாது. லைனில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான். அவர்களைப் பற்றித் தமிழில் எழுதின புத்தகத்தை அவர்களே படிக்க முடியாது. இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

புஷ்பவல்லி ரயிலில் ஜன்னலோரம் இடம் பிடித்துப் படித்தாள். முதலில் நன்றாகத்தான் இருந்தது. அவள் சொன்ன சங்கு ஊதியது, அவள் சொன்ன டான்ஸ் ஹாலில் பாட்டு கேட்டது. பக்கங்களைப் புரட்டிப் புரட்டிச் சாவுக்கு வந்தாள். புத்தகத்தில் கையெழுத்தும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. லைனே மாரடித்து அழுதுகொண்டிருந்தது. கதை சொல்கிற வாலிபன் எதிர்வீட்டிலிருந்து ஓடிவந்து முதல் தோள் கொடுத்தான். சேட்டு கடையைப் பூட்டிவிட்டு வந்து இரண்டாவது தோள், பாய் தொழுகையை முடித்துக்கொண்டு மூன்றாவது தோள், கன்னடப் போலீஸ்காரர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாலாவது தோள். தெருவுக்குத் தெரு தோள் மாறியது, பாடை தரையைத் தொடவே இல்லையாம்.

லாய்ட் எங்கே? இருந்தார். 'விக்டர் அங்கிள்' என்கிற பெயரில் இருந்தார். இன்ஜின் டிரைவர், கோட்டு, தொப்பி எல்லாம் அப்படியே. காலையிலேயே மூக்கு முட்டக் குடித்துவிட்டு வந்து, பறைச் சத்தத்தைப் பாண்டு வாத்தியம் என்று நினைத்துப் பாடைக்கு முன்னால் ஆடினார். ஆடிக்கொண்டே போய்ச் சாக்கடையில் விழுந்தார், தொப்பி மிதந்து போயிற்று. அழுதுகொண்டிருந்த ஊர் ஒரு கணம் விழுந்து விழுந்து சிரித்தது என்று எழுதியிருந்தான்.

புஷ்பவல்லி அந்தப் பக்கத்தைத் திரும்பவும் படித்தாள். கண்ணீர் அந்தப் பக்கத்திலேயே சொட்டியது. எதிரில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த சுமா, தெலுங்குக்காரி, ரயில் சிநேகிதி, நிமிர்ந்து பார்த்தாள்.

"யாக்கே அக்கா அள்த்தியா? ஏன் அழுவுற? சோகக் கதையா?"

"இல்லடி. சிரிப்புக் கதை," என்றாள் புஷ்பவல்லி.

சாயங்காலம் வந்து இறங்கினால், லாய்ட் அவள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். புத்தகம் வந்த சேதியையும், அதில் அவர் வருகிறார் என்பதையும் பவன் சொல்லியிருந்தான்.

"இன்னா புஷ்பா, நான் புக்குல வர்றனாமே? மவகிட்ட போன்ல சொல்லிட்டேன். உங்கப்பன் தமிழ் நாவல்ல வர்றான், நீ இன்னாடி அங்க ஆஸ்திரேலியாவுல கிழிச்சேன்னு கேட்டுட்டேன். எங்க, படி பாக்கலாம்."

"சாரு, இப்பத்தான் வந்தேன். ஞாயித்துக்கெழம படிக்கறேன்."

"ஞாயிறு வரைக்கும் உசுரோட இருப்பனோ இல்லியோ," என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தன் வீட்டில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்கப் போகிறவர் போல அல்ல, போட்டோ பிடிக்கப் போகிறவர் போல. தமிழ் எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாத மனுஷன், அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். புஷ்பவல்லி புத்தகத்தைத் திறந்தாள். அந்தப் பக்கத்துக்கு வந்தாள். ஒரு மூச்சு விட்டுக்கொண்டு, அதில் இல்லாததை அதைப் பார்த்தே படிக்க ஆரம்பித்தாள். மூன்று தோள் இருந்தது என்று படித்தாள். நாலாவது தோளுக்கு ஆள் இல்லை என்று படித்தாள். கோட்டுப் போட்ட ஒரு மனிதர் வேர்வை வழிய நடந்து வந்தார் என்று படித்தாள். அவர் முழங்காலை மடக்கி நடந்ததையும், பாடை ஒரு விரல் அளவுகூடச் சாயாததையும் படித்தாள். இத்தனை வருஷம் சொல்ல வராததெல்லாம் அப்போது கடகடவென்று வந்தது.

லாய்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தொப்பிய உன் கையில குடுத்தத எழுதிகீறானா?"

"எழுதிகீறான் சார்."

"நல்லவன்மா அவன். நான்தான் அவன தப்பா நெனச்சிகினு இருந்தேன். இன்னொரு தரம் படி."

அவள் இன்னொரு தரம் படித்தாள். அவர் போனில் மகளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு மூன்றாவது தரமும் படிக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் புஷ்பவல்லி ராஜேந்திரனுக்குப் போன் போட்டாள். அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"ஏண்டா, கால தொட்டு சத்தியம் பண்ணியேடா. உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு கீதா?"

"அண்ணி, அண்ணி, கோவப்படாதீங்க. அது நாவல். நடந்தத அப்பிடியே எழுதினா போலீஸ் ரிப்போர்ட் ஆயிடும். ஊரு ஒத்துமையா இருந்துச்சின்னு எழுதினா வெளியூர்க்காரன் நம்மள மதிப்பான். கதவ மூடினாங்கன்னு எழுதினா நம்ம ஊர நாமே கேவலப்படுத்தின மாரி ஆவும்."

"ஊரு ஒத்துமையா இருக்கட்டும். லாய்ட் சாரு உனக்கு இன்னா பண்ணாரு? அவர ஏன் சாக்கடையில தள்ளின?"

"அந்த எடம் ரொம்ப கனமா கீது, கொஞ்சம் சிரிப்பு வேணும்னு பதிப்பகத்துல சொன்னாங்க. அதான் பேர மாத்திட்டனே அண்ணி."

"பேர மாத்தின. இன்ஜின மாத்தினியா? தொப்பிய மாத்தினியா? அவரோட தோள எடுத்து நீ மாட்டிகினியேடா, பாவி."

பிறகு அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். தான் அவருக்கு வேறு மாதிரி படித்துக் காட்டிவிட்டதைச் சொன்னாள். வெளியீட்டு விழாவுக்கு அவர் கட்டாயம் வருவார். அங்கே அந்த இடத்தை மட்டும் யாரும் வாசிக்கக் கூடாது.

"சரி அண்ணி. என் மேல ஆணை," என்றான் ராஜேந்திரன். ஆணைக்கு அவனிடம் என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை.

விழா கிளப் ஹாலில் நடந்தது. பெங்களூருவிலிருந்து ஒரு பேராசிரியர், பக்கத்துத் தெருக்காரர்கள், லைனின் பழைய ஆட்கள் என்று நல்ல கூட்டம். லாய்ட் பழைய சூட்டை எடுத்துப் போட்டு, ஷூவுக்குப் பாலீஷ் போட்டு, அந்தத் தொப்பியோடு வந்து, புஷ்பவல்லி பக்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தார். உட்காருமுன் மேடைப் பக்கம் போய் ராஜேந்திரன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீ எழுதினத புஷ்பா படிச்சா. காட் ப்ளஸ் யூ தம்பி. ஒன் மேல இத்தன நாளு மனசுல ஒண்ணு வச்சிகினு இருந்தேன், என்ன மன்னிச்சிடு," என்றார்.

ராஜேந்திரன் ஒரு நொடி புஷ்பவல்லியைப் பார்த்தான். பிறகு, "உங்கள விட்டுட்டு எழுதுவனா அங்கிள்?" என்று அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். போட்டோக்காரர் படம் எடுத்தார். கூசாமல் வாங்கிக்கொள்கிறானே என்று புஷ்பவல்லி பார்த்துக்கொண்டிருந்தாள், வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் அவள் பொய்யும் அல்லவா வெளியே வரும்?

பேராசிரியர் பேசினார். இந்தியாவையே ஒரு லைனில் குடிவைத்த நாவல் என்றார், கூட்டம் கைதட்டியது. அந்தச் சாவு ஊர்வலத்தை ஆசிரியர் குரலிலேயே கேட்டுவிடுவோமே என்றார், இன்னும் பலமாகத் தட்டியது. ராஜேந்திரன் எழுந்தான். புஷ்பவல்லி தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவன் கூட்டத்தின் இரண்டு பக்கமும் பார்த்தான். புத்தகத்தைத் திறந்தான்.

விக்டர் அங்கிள் ஆட ஆரம்பித்ததும் ஹால் சிரித்தது. லாய்டும் சிரித்தார். யாரோ ஒரு குடிகாரன் என்று நினைத்துத் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "யாரும்மா இவன், நம்ம ஊர்ல இப்பிடி ஒருத்தன்?" என்று அவள் பக்கம் சாய்ந்து கேட்டார். சாக்கடையில் விழுந்ததற்கும் சிரித்தார். தோள்கள் வந்தன. முதல் தோள், இரண்டாவது, மூன்றாவது. லாய்ட் சூட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலாவது தோளும் வந்து போயிற்று.

பின் வரிசையிலிருந்து ஒரு கை புஷ்பவல்லியின் தோளைத் தொட்டது. ராஜப்பா, முனியப்பனின் கேஜ்காரர்களில் மிச்சமிருக்கிற கிழவர். அன்று வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர். முகமெல்லாம் கண்ணீர்.

"எல்லாம் அப்பிடியே எழுதிட்டான் தாயி. நான் பின்னாடி எடது பக்கம் தூக்கினேன். ஞாபகம் கீதா?"

அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே தூக்கியதாக நினைத்து அழுதார். அதைப் பார்த்துத்தான் அவள் அவர் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டாள்.

வாசிப்பு முடிந்து கைத்தட்டல் எழுந்தபோது லாய்ட் தட்டவில்லை.

"இதுல நான் எங்கம்மா?" என்றார்.

அவர் மடியில் கிடந்த தொப்பியைப் பார்த்தார். சாக்கடையில் மிதந்து போனது தன் தொப்பிதான் என்று மெல்ல அவருக்குப் புரிந்தது. பக்கத்து நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே நடந்தார். புஷ்பவல்லி பின்னாலேயே ஓடிப் படிக்கட்டில் பிடித்தாள்.

"சாரு, உங்க மனசு நோவக் கூடாதுன்னுதான் சாரு. நான் படிச்சது அத்தனையும் நெசம். நடந்தததான் படிச்சேன்."

"அவன் எழுதினது எனக்கு ஒண்ணும் பெருசில்லம்மா. அவன் எப்பவும் அப்பிடித்தான். அவன் கைய புடிச்சி என்ன மன்னிப்பு கேக்க வச்சிட்டியே புஷ்பா. நான் போயி அவன்கிட்ட கேட்டேன், நீ பாத்துகினு உக்காந்திருந்த."

உள்ளே ஒலிபெருக்கியில், முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ளத் திருமதி புஷ்பவல்லி மேடைக்கு வரவும் என்று கூப்பிட்டார்கள். லாய்ட் அவளைத் திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவைக் கை தட்டிக் கூப்பிட்டார்.

புஷ்பவல்லி மேடை ஏறினாள். நீட்டிய புத்தகத்தை வாங்காமல் மைக்கைப் பிடித்தாள். குரல் ஆடவில்லை.

"என் வூட்டுக்காரர தூக்கினது ஊரு இல்ல. என் தம்பி தசரதன் தூக்கினான். பூதிகோட்டக்காரங்க ரெண்டு பேரு தூக்கினாங்க. நாலாவது ஆளு லாய்ட் சாரு. குடிச்சிட்டு வரல. கோயிலுக்குப் போற சட்டையில வந்தாரு. இந்த லைன்ல ஒருத்தரும் வரல. இவனும் வரல."

ராஜப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவள் முதன்முதலாக மூச்சை முழுதாக விட்டாள். ராஜேந்திரன் எழுந்து வந்தான். கண்ணில் நீர். அவள் தோளில் பட்டும் படாமலும் கையை வைத்து, மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"பாத்தீங்களா? அண்ணிக்கு இன்னும் அந்த வலி அப்பிடியே இருக்கு. அந்த வலியிலயும் அவங்க யார நெனைக்கறாங்க பாருங்க. ஒரு ஆங்கிலோ இந்தியர! இதாங்க தங்க வயல். இதத்தான் நான் எழுதினேன்."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தலைகுனிந்திருந்த ராஜப்பாவும் நிமிர்ந்து தட்டினார். வெகுநேரம் தட்டினார்கள். அவள் சொன்ன உண்மையும் அவன் புத்தகத்தின் இன்னொரு பக்கம் ஆகிவிட்டது. புஷ்பவல்லி படியிறங்கி, ஹாலைத் தாண்டி, யார் கூப்பிட்டும் நிற்காமல் வீட்டுக்கு நடந்தாள். வழி நெடுக அழுதுகொண்டே போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பை எடுத்துக்கொண்டு அவள் பங்களாப் பக்கம் போனாள். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். திட்டுவார், திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம். "அறிவு கெட்டவளே" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் கத்துவார், அப்புறம் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உப்புக் குறைகிறது என்பார். அவள் அதற்குத் தயாராகத்தான் போனாள்.

லாய்ட் கதவைத் திறந்தார். சவரம் செய்து, சுத்தமாக உடுத்தியிருந்தார். முகத்தில் கோபமே இல்லை. அறிமுகமில்லாத பெண்ணுக்குக் காட்டுகிற மரியாதையோடு லேசாகத் தலை சாய்த்தார்.

"குட் மார்னிங், மிஸஸ் முனியப்பன்," என்றார். "வெரி கைண்ட் ஆஃப் யூ. பட் நோ, தேங்க் யூ."

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் இங்கிலீஷில் பேசியது அதுதான் முதல் தடவை.